அமஸ்ராவைப் படிப்பது எப்படி: கருங்கடல் ஓரத்துச் சிறு மாவட்டம் ஒன்றின் நிலமும் வரலாறும்

துருக்கியின் கருங்கடல் கரையில், பார்த்தின் மாகாணத்தைச் சேர்ந்த அமஸ்ரா ஒரு சிறிய மாவட்டம். அதன் வரலாற்றைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர் பெரும்பாலும் ஆட்சி செய்தவர்களின் பட்டியலில் தொடங்குகிறார்: கிரேக்கக் குடியேறிகள், பாரசீக இளவரசி, ரோமானியர், பைசாந்தியர், இத்தாலியின் ஜெனோவா வணிகர், உதுமானியர். பட்டியலை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் இத்தனை பேரும் ஏன் இதே பாறை முனையைத் தேடி வந்தார்கள் என்ற கேள்விக்கு அதில் விடை இருக்காது. ஆகவே நிலத்திலும் நீரிலும் தொடங்கி, பிறகு பெயர்களுக்கும், அதன்பின் கல்லுக்கும் சுவருக்கும் வந்து, ஊரார் சொல்லும் கதைகளைக் கடைசியில் வைத்துக்கொள்வதே இந்த ஊரைப் படிக்கச் சரியான வரிசை என்பது என் கருத்து.

வரைபடத்தை முதலில் பெயர்கள் இல்லாமல் பார்க்க வேண்டும்

மேற்குக் கருங்கடல் கரையின் வரைபடம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெயர்களைக் கவனிக்காமல், புயலில் சிக்கிய ஒரு படகு எங்கே ஒதுங்க முடியும் என்று மட்டும் தேடிப் பாருங்கள். இங்கே மலைத்தொடர்கள் கரைக்கு இணையாக ஓடுகின்றன. காடு மூடிய சரிவுகள் பல இடங்களில் நேராகக் கடலில் இறங்குகின்றன. அதனால் கரை நீளமாக இருந்தாலும் இயற்கைத் துறைமுகங்கள் அரிது. அந்த வெறுமையான கோட்டில் அமஸ்ரா உடனே கண்ணில் படும். நிலத்திலிருந்து மூக்குப் போன்ற ஒரு முனை வடக்கே நீண்டு, அதன் முனையில் போஸ்தெப்பே என்னும் தீவுக் குன்று நிற்கிறது. இரண்டையும் கெமெரெ என்ற ஒற்றை வளைவுக் கல்பாலம் இணைக்கிறது. மூக்கின் கிழக்கே உள்ளது பியூயுக் லிமான், அதாவது பெரிய துறைமுகம்; மேற்கே உள்ளது கியூச்சுக் லிமான், சிறிய துறைமுகம்.

இந்த இரட்டைத் துறைமுகமே ஊரின் முதல் சொத்து. இக்கரையில் வடமேற்கிலிருந்து வீசும் காற்றைக் கராயெல் என்றும், வடகிழக்கிலிருந்து வீசுவதைப் பொய்ராஸ் என்றும் சொல்கிறார்கள். கராயெல் வீசும்போது மேற்குப் பக்கம் கொந்தளிக்கும், கிழக்குப் பக்கம் ஒதுக்கமாக இருக்கும். காற்று திரும்பினால் நிலைமையும் பெருமளவு திரும்பிவிடும். கருங்கடலில் ஏற்ற வற்றம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதால், பழைய மாலுமி இங்கே நீர்மட்டத்தைக் கணக்கிட வேண்டியதில்லை, காற்றை மட்டும் கணக்கிட்டால் போதும். அமாஸ்யாவில் பிறந்த புவியியலாளர் ஸ்திராபோன் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இந்நகரம் ஒரு தீபகற்பத்தில் அமைந்து அதன் கழுத்தின் இருபுறமும் துறைமுகங்களைக் கொண்டது என்று எழுதிவிட்டார். இன்று விமானப் படத்தைப் பார்த்து எழுதினாலும் அதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. ஸ்திராபோனின் ஊரான அமாஸ்யா இதே நாட்டில் உள்நாட்டுப் பள்ளத்தாக்கில் இருக்கும் வேறு நகரம். பெயர் ஒலிப்பில் நெருக்கம் இருப்பதால், தேடும்போது இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

அடுத்து அதே வரைபடத்தில் ஆறுகளைத் தேடுங்கள். அமஸ்ராவுக்குச் சொல்லிக்கொள்ளும்படியான ஆறு இல்லை. மலைமுகட்டைத் தாண்டித் தெற்கேயும் மேற்கேயும் பார்த்தால் பார்த்தின் ஆறு தெரியும். அது கடலில் சேரும் இடத்திலிருந்து பார்த்தின் நகரம் வரை சிறு கப்பல்கள் ஏறிச் செல்லக்கூடிய ஆறு. துறைமுகம் ஓரிடத்திலும், உள்நாட்டுக்குள் செல்லும் வழி வேறிடத்திலும் அமைந்துவிட்டது என்பதே இந்த ஊரின் அடிப்படை முரண். கோட்டையும் காவலும் தேவைப்பட்ட காலங்களில் அமஸ்ரா ஓங்கியது. கடல் பாதுகாப்பாகி, மரமும் சரக்கும் ஆற்று வழியே இறங்கத் தொடங்கிய காலத்தில் பார்த்தின் வளர்ந்து அமஸ்ரா சுருங்கியது. உதுமானிய நூற்றாண்டுகளில் இந்த ஊரைப் பற்றிய செய்திகள் ஏன் மெலிந்துபோகின்றன என்பதற்குப் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

இன்றைய எல்லையைப் பழங்காலத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்

துருக்கியில் மாகாணத்தை இல் என்றும், அதன் கீழுள்ள மாவட்டத்தை இல்ச்சே என்றும் சொல்கிறார்கள். இல்ச்சேயின் நிர்வாகத் தலைவர் மைய அரசு நியமிக்கும் கய்மகாம். நகராட்சித் தலைவரோ தேர்தலில் வருகிறவர். அமஸ்ரா 1987-இல் மாவட்டமானது. அப்போது அது சொன்குல்தாக் மாகாணத்தில் இருந்தது. 1991-இல் பார்த்தின் தனி மாகாணமாகப் பிரிந்தபோது அமஸ்ரா அதனுடன் சேர்ந்தது. எனவே 1991-க்கு முந்தைய புள்ளிவிவரங்களையும் செய்திகளையும் சொன்குல்தாக்கின் கீழ் தேட வேண்டும். உதுமானியரின் கடைசிக் கால ஆவணங்களாக இருந்தால் கஸ்தமோனு விலாயத்தின், அதாவது அக்கால மாகாணத்தின், கீழ் தேட வேண்டும். இது தெரியாமல் பார்த்தின் என்ற தலைப்பிலேயே தேடிக்கொண்டிருப்பவர், ஒன்றுமே இல்லை என்று முடிவுகட்டிவிடுவார்.

பழங்கால எல்லை இதைவிட விரிந்தது. கி.மு. 300-ஐ ஒட்டி அமஸ்திரிஸ் என்ற பெயரில் நகரம் உருவாக்கப்பட்டபோது செசமோஸ், கித்தோரோஸ், குரொம்னா, தியோஸ் ஆகிய நான்கு குடியிருப்புகள் ஒன்றிணைக்கப்பட்டன. தியோஸ் மட்டும் விரைவிலேயே பிரிந்து போய்விட்டது. செசமோஸ் இருந்த இடமே இன்றைய அமஸ்ரா. மற்றவற்றை வரைபடத்தில் குறித்துப் பாருங்கள்: குரொம்னாவின் இடமாகக் கருதப்படும் தெக்கெயோனு கிழக்கே குருஜாஷிலே பக்கம், பார்த்தின் மாகாணத்திலேயே இருக்கிறது, கித்தோரோஸ் இன்னும் கிழக்கே, கஸ்தமோனு மாகாணத்தின் ஜிதே மாவட்டத்தில் கிதெரோஸ் என்ற சிறு வளைகுடாவாகப் பெயரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது, தியோஸ் மேற்கே, சொன்குல்தாக் மாகாணத்தின் ஃபில்யோஸில் உள்ளது. நான்கு ஊர்கள் இன்று மூன்று மாகாணங்களில் சிதறிக் கிடக்கின்றன. மாவட்ட எல்லைக்குள் மட்டும் வரலாற்றைத் தேடுகிறவருக்கு அமஸ்ராவின் பழைய நிலப்பரப்பு ஒருபோதும் முழுதாகப் புலப்படாது.

பெயர்களைப் பின்தொடரும் முறை

ஹோமரின் இலியட் காவியத்தின் இரண்டாம் பகுதியில் டிராய் நகரத்தாருக்குத் துணையாக வந்த படைகளைச் சொல்லும் இடத்தில், கித்தோரோஸ், செசமோஸ், பார்த்தேனியோஸ் ஆறு, குரொம்னா, ஐகியாலோஸ், உயர்ந்த எரித்தினோய் என்று பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. அந்தச் சில வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கரையோரமாக விரலை நகர்த்துவது, இந்தப் பகுதியைப் படிக்கத் தொடங்குகிறவருக்கு நான் பரிந்துரைக்கும் முதல் பயிற்சி. பார்த்தேனியோஸ் என்ற ஆற்றுப் பெயரே தேய்ந்து பார்த்தின் ஆனது. எரித்தினோய் என்றால் சிவந்தவை. அமஸ்ராவுக்குக் கிழக்கே சக்ராஸ் கடற்கரையை ஒட்டி நிற்கும் செம்பாறைகளையே அது குறிக்கிறது என்று பொதுவாகக் கருதுகிறார்கள். ஸ்திராபோனும் அந்தப் பெயர் நிறத்தால் வந்தது என்றே எழுதினார்.

ஊரின் இன்றைய பெயர் ஒரு பெண்ணின் பெயர். அமஸ்திரிஸ், பாரசீகத்தின் கடைசி அக்கேமெனிய மன்னன் மூன்றாம் தாரியுஸின் சகோதரன் ஒக்சியாத்ரேஸின் மகள். கி.மு. 324-இல் சூசாவில் அலெக்சாந்தர் தம் தளபதிகளுக்குப் பாரசீகப் பெண்களை மணமுடித்து வைத்தபோது அவள் கிராத்தெரோஸுக்கு மனைவியானாள். அந்த மணம் நிலைக்கவில்லை. பிறகு இதே கரையில் மேற்கே உள்ள ஹெராக்லேயா நகரத்தை ஆண்ட தியோனிசியோஸை மணந்து, அவன் இறந்தபின் மகன்களின் சார்பில் ஆட்சியை நடத்தினாள். மூன்றாவதாக, அலெக்சாந்தரின் தளபதியாக இருந்து திரேஸை ஆண்ட லிசிமாக்கோஸை மணந்தாள். அவன் எகிப்திய அரசகுமாரி அர்சினோயேயை மணந்துகொண்டதும் விலகி வந்து, தன் பெயரில் இந்த நகரத்தை அமைத்தாள். அரசி அமஸ்திரிஸின் நாணயம் என்று கிரேக்க எழுத்தில் பொறித்த வெள்ளிக் காசுகளை அவள் வெளியிட்டாள். தன் பெயரில் காசு அடித்த முதல் பெண்களில் ஒருத்தியாக அவளை நாணயவியலாளர் எண்ணுகிறார்கள். முடிவு கொடியது: அவளுடைய மகன்களே அவளைக் கடலில் மூழ்கடித்துக் கொன்றதாகப் பழைய வரலாறுகள் கூறுகின்றன. அதற்குப் பழிவாங்க வந்தவன் விலகிப்போன கணவன் லிசிமாக்கோஸ் என்பது இந்தக் கதையின் விசித்திரம். ஜெனோவாக்காரர்கள் பெயரைச் சமாஸ்திரி என்று திரித்தார்கள். துருக்கியர் நாவில் அது அமஸ்ரா ஆகி நின்றுவிட்டது.

பெயர்கள் வழி காட்டுவதுபோலவே ஏமாற்றவும் செய்யும். ஊருக்கு வெளியே நிற்கும் பெரிய செங்கல் இடிபாட்டை மக்கள் பெதெஸ்தென் என்கிறார்கள். பெதெஸ்தென் என்றால் உதுமானிய நகரங்களின் கூரையிட்ட அங்காடி. ஆனால் கட்டடம் ரோமானியக் காலத்தது. பெயரை மட்டும் நம்பினால் ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிழை செய்வீர்கள். ஒரு பெயரைக் கேட்டதும், அது கட்டியவர் வைத்த பெயரா, பின்னால் வந்தவர் வைத்த பெயரா என்று கேட்கும் பழக்கம் வேண்டும்.

கால்நடையாகப் படிக்கும் வரிசை

நேரில் செல்ல முடிந்தவர் பார்த்தினிலிருந்து பழைய மலைச்சாலை வழியே வருவது நல்லது. ஊருக்குச் சுமார் 4 கிலோமீட்டர் முன்னால் கூஷ்கயாசி இருக்கிறது. பறவைப் பாறை என்று பொருள். பேரரசர் கிளாவுதியுஸின் காலத்தில், அதாவது கி.பி. 41-க்கும் 54-க்கும் இடையில், கையுஸ் யூலியுஸ் அக்விலா என்ற ரோமானிய அதிகாரி இந்த மலையை வெட்டிப் பாதை அமைத்து, அதன் நினைவாகப் பாறையிலேயே சிற்பம் செதுக்கச் செய்தார். மாடத்துக்குள் தலையிழந்த ஒரு மனித உருவம் நிற்கிறது. அருகே தூணின்மேல் ஒரு கழுகு. ஊரார் பெயர் வைத்தது அந்தக் கழுகைப் பார்த்துத்தான். சிற்பத்தின் முன் நின்றதும் பலர் படமெடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நீங்கள் சிறிது நேரம் பாதையைப் பாருங்கள். மலைக்கு அந்தப்புறம் உள்நாடு, இந்தப்புறம் துறைமுகம். இரண்டையும் இணைக்க ஓர் அரசு பாறையை வெட்டவேண்டியிருந்தது என்பது, முன்னே சொன்ன முரணைக் கல்லில் எழுதிக் காட்டியதுபோல் இருக்கிறது.

அங்கிருந்து இறங்கும் வழியில் பக்காஜாக் என்னும் பார்வையிடம். 1460-இல் ஜெனோவாக்காரரிடமிருந்து ஊரைப் பெற வந்த சுல்தான் இரண்டாம் மெஹ்மெத் இந்த உயரத்தில் நின்று, தம் ஆசானை நோக்கி, ‘உலகின் கண் என்பது இதுதானோ’ என்று கேட்டதாக ஊரார் சொல்வார்கள். கதையை ரசிக்கலாம், ஆனால் அதை வாய்மொழி மரபு என்ற பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். நகரம் போரின்றிப் பணிந்ததும், மக்களில் ஒரு பகுதியினர் கான்ஸ்தாந்திநோபிளுக்குக் குடிபெயர்க்கப்பட்டதும் அக்காலத்து எழுத்தில் பதிவான செய்திகள். ஆண்டை 1459 என்றும் 1461 என்றும் எழுதியவர்கள் உண்டு. 1460 என்பதே பரவலான வழக்கு. கதை உண்மையோ இல்லையோ, இந்த இடத்திலிருந்து மூக்கும் தீவும் இரு துறைமுகங்களும் ஒரே பார்வையில் கிடைக்கின்றன, ஆகவே வரைபடத்தை நிலத்துடன் ஒப்பிட இதைவிட நல்ல இடம் இல்லை.

ஊருக்குள் வந்ததும் கோட்டையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: நிலப்பக்கம் உள்ளது ஸிந்தான், தீவுப்பக்கம் உள்ளது சொர்மாகிர், நடுவே கெமெரெ பாலம். சுவரை முதலில் பைசாந்தியர் கட்டினார்கள், 14-ஆம், 15-ஆம் நூற்றாண்டுகளில் ஜெனோவாக்காரர் பழுதுபார்த்தார்கள், பிறகு உதுமானியரும் கைவைத்தார்கள். வாயில்களின் மேல் கேடய வடிவப் பலகைக் கற்கள் பதிந்திருக்கும். அவை ஜெனோவாவின் சிலுவையும் வணிகக் குடும்பங்களின் சின்னங்களும். அவற்றைப் பார்த்ததும் சுவர் முழுவதும் ஜெனோவாக்காரருடையது என்று எண்ணிவிடாதீர்கள். சுவரின் கீழ் வரிசைகளில் செதுக்கு வேலை கொண்ட பளிங்குத் துண்டுகள் பொருத்தமில்லாமல் தென்பட்டால், அவை பழைய நகரத்தை உடைத்து எடுத்துவந்த கற்கள். ஒரு சுவரில் எந்தக் கல் எதன்மேல் ஏறியிருக்கிறது என்று பொறுமையாகப் பார்ப்பது, அதைப் பற்றிய பலகையைப் படிப்பதைவிட அதிகம் கற்றுத்தரும்.

கோட்டைக்குள் இருக்கும் ஃபாத்திஹ் பள்ளிவாசல் 9-ஆம் நூற்றாண்டுப் பைசாந்தியத் தேவாலயமாக இருந்தது. ஊர் கைமாறியபின் பள்ளிவாசலானது. இங்கே வெள்ளிக்கிழமை உரையின்போது இமாம் வாளுடன் மேடையேறும் வழக்கம் உண்டு. தொழுகை நேரங்களில் பார்வையாளராக நுழையாமல், இடைநேரத்தில் சென்று வெளிச்சுவரின் கல், செங்கல் வரிசைகளைப் பார்ப்பது உசிதம்.

ரோமானிய நகரத்தின் தெருக்கள் பெரும்பாலும் இன்றைய ஊரின் அடியில் இருப்பதால் அவற்றைக் கண்ணால் காண முடியாது. ஆனால் காதால் கேட்பதற்கு ஒரு கடிதம் இருக்கிறது. கி.பி. 110-ஐ அடுத்த ஆண்டுகளில் இந்தக் கரையை உள்ளடக்கிய பித்தினியா, பொந்துஸ் என்ற ரோமானிய மாகாணத்தை நிர்வகித்த இளைய பிளினி, பேரரசர் திராயனுக்கு எழுதினார்: அமஸ்திரிஸ் அழகிய நகரம், அதன் சிறந்த கட்டடங்களோடு மிக நீளமான, மிக அழகான தெரு ஒன்றும் உண்டு, ஆனால் அந்தத் தெரு நெடுக ஆறு என்ற பெயரில் ஒரு நாற்றமெடுத்த சாக்கடை ஓடுகிறது, அதை மூட அனுமதி வேண்டும். மூடாமல் விட்டால் மக்கள் நலத்துக்குக் கேடு என்றால் மூடுங்கள், பணத்துக்கு வழி செய்வது உங்கள் பொறுப்பு என்று திராயன் சுருக்கமாகப் பதில் எழுதினார். ஒரு நகரத்தின் அழகும் துர்நாற்றமும் ஒரே வாக்கியத்தில் பதிவானது அபூர்வம். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கியூச்சுக் லிமான் கரையிலுள்ள அருங்காட்சியகத்துக்குச் சென்றால், அங்கிருக்கும் தூண்தலைகளும் கல்லறைக் கற்களும் சிலைகளும் அந்தத் தெருவின் இருபுறமும் நின்றவைபோலத் தோன்றத் தொடங்கும்.

மரம், கரி, செம்பாறை

கட்டடங்களோடு நிறுத்திக்கொள்ளாமல் ஊர் எதை விற்றுப் பிழைத்தது என்று கேளுங்கள். முதலாவது மரம். கித்தோரோஸ் பக்கத்து மலைகளில் விளைந்த, நெருக்கமான இழை கொண்ட பெட்டிமரம் (ஆங்கிலத்தில் பாக்ஸ்வுட்) பழங்காலத்திலேயே பேர்பெற்றது, கி.மு. முதல் நூற்றாண்டின் ரோமானியக் கவிஞர் கத்துல்லுஸ் தம் படகைப் பாடும்போது அமஸ்திரிஸையும் பெட்டிமரம் தாங்கும் கித்தோரோஸையும் பெயர் சொல்லி அழைக்கிறார். துருக்கியில் அந்த மரத்தை ஷிம்ஷிர் என்பார்கள். அமஸ்ராவின் செக்கிஜிலெர் கடைத்தெருவில் இன்றும் கடைசல் பிடித்த மரச்சாமான்கள் விற்கிறார்கள். அங்கே ஒரு கரண்டியைக் கையில் எடுத்து எடையையும் இழையையும் பார்த்தால், காட்டுக்கும் துறைமுகத்துக்கும் இருந்த உறவு விளங்கும்.

இரண்டாவது கரி. மேற்கே எரேலியிலிருந்து தொடங்கும் சொன்குல்தாக் நிலக்கரிப் படுகை அமஸ்ரா வரை நீள்கிறது. மேற்குப் பகுதிகளில் கரியடுக்குகள் பல இடங்களில் மேலே தலைகாட்ட, அமஸ்ராவில் அவை பிற்காலப் பாறைகளின் அடியில் புதைந்து கிடக்கின்றன. எனவே இங்கே சுரங்கம் என்றால் ஆழச் சுரங்கம், ஆழச் சுரங்கம் என்றால் மீத்தேன் ஆபத்து. 2022 அக்டோபர் 14 அன்று இங்குள்ள சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 40-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இறந்தார்கள். கோட்டைச் சுவரைப் படிக்கிற அதே கவனம் இதற்கும் உரியது. ஊரில் பேச்சுக் கொடுக்கும்போது, குடும்பத்தை இழந்தவர் எதிரில் இருக்கலாம் என்ற நினைவோடு பேச வேண்டும்.

சக்ராஸுக்குப் போனால் அதே நிலத்தின் அடுத்த அத்தியாயம் கிடைக்கும். கரி உருவானது ஈரமான சதுப்புக் காடுகளில். அந்தக் காலம் போய் வறண்ட பருவம் வந்தபோது ஆறுகள் கொண்டுவந்து போட்ட மணலும் கூழாங்கல்லும் இரும்பு ஆக்சைடால் சிவந்து இறுகின. கறுப்பு அடுக்கும் சிவப்பு அடுக்கும் ஒரே மாவட்டத்துக்குள் பருவநிலை மாறிய கதையைச் சொல்கின்றன. காவியம் பெயர் வைத்த செம்பாறையும் நிலவியலாளர் விளக்கும் செம்பாறையும் ஒன்றே என்பது எனக்கு இந்த மாவட்டத்தில் மிகவும் பிடித்த பொருத்தம்.

கரை நிலையானது என்றும் எண்ணிவிடக் கூடாது. 1968 செப்டம்பர் 3 அன்று பார்த்தின் பகுதியை உலுக்கிய நிலநடுக்கத்தில், அமஸ்ராவுக்கும் சக்ராஸுக்கும் இடையே கரை சுமார் 35 முதல் 40 சென்டிமீட்டர் வரை உயர்ந்தது. ஏற்ற வற்றம் இல்லாத கடலில் பாசியும் சிப்பியும் பாறையைப் பற்றும் பட்டை மிகக் குறுகியது. நிலம் மேலே தூக்கப்பட்டால் அந்தப் பட்டை உலர்ந்து வெளுத்து நீர்க்கோட்டுக்கு மேலே நின்றுவிடும். கரை உயர்ந்த அளவை நிலவியலாளர் கணக்கிட இப்படிப்பட்ட கோடுகளே உதவுகின்றன. பழைய துறைமுகக் கட்டுமானத்தின் உயரத்தை இன்றைய நீர்மட்டத்தோடு ஒப்பிடும் எவரும் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

போவதற்கும் தங்குவதற்கும்

பார்த்தின் வரை பேருந்தில் வந்து, அங்கிருந்து தோல்முஷ் எனப்படும் சிற்றுந்தில் ஏறினால் அமஸ்ரா அரை மணி நேரத் தொலைவுதான். கோடை வார இறுதிகளில் அங்காராவிலிருந்து வருகிறவர்களால் ஊர் நிரம்பி வழியும். சுவர் பார்க்கவும் பாறை பார்க்கவும் வசந்தமும் இலையுதிர் காலமும் மேல், வார நாள் இன்னும் மேல். இங்கே மழை எல்லாப் பருவத்திலும் உண்டு, ஆகவே வழுக்காத காலணி கட்டாயம். ஒரே நாள்தான் உண்டு என்றால் சக்ராஸை விட்டுவிட்டு ஊரை மட்டும் பாருங்கள். இரண்டு நாள் இருந்தால் இரண்டாம் நாளைக் கிழக்குக் கரைக்கு ஒதுக்குங்கள்.

மாலையில் கியூச்சுக் லிமானுக்குப் போங்கள். அது மேற்கு நோக்கியது, சூரியன் அங்கேதான் இறங்கும். பிறகு ஸிந்தான் கோட்டையின் குறுகிய சந்துகள் வழியே மூக்கைக் குறுக்கே கடந்து பியூயுக் லிமானுக்கு வாருங்கள். நடை சில நிமிடங்கள்தான். ஒரு பக்கம் அலை கல்லில் மோதித் தெறித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் மீன்பிடிப் படகுகள் அசையாமல் கட்டிக் கிடந்தால், அன்று வீசுவது கராயெல்.